அலுவலக நேரத்தில் மட்டும் வீசும் காற்று

அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் இளைய மகள் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்றும், பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறீர்கள் என்றும் நம்புகிறேன். இன்றைக்குப் போடவில்லையென்றால் எழுந்து போய் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து மேலே படியுங்கள்.

இன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது: "சார், அது காற்று இல்லை."

நாலே சொற்கள். தொண்டை வரை வந்து நின்றன. ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன், தண்ணீரோடு சேர்ந்து அவையும் உள்ளே போய்விட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கர் என்னைப் பார்த்து, "என்னம்மா, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே" என்றார். "இல்ல சார், விக்கல்" என்றேன். இதையும் கணக்கில் சேர்த்தால் இன்று நான் சொன்னது ஒரு பொய், சொல்லாதது ஓர் உண்மை.

நேற்று நீங்கள் போனில் எடுத்த எடுப்பிலேயே "யாரு பாப்பா அந்த சார்?" என்று கேட்டீர்கள். நான் "எழுதறேன் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால் உங்களுக்குச் சந்தேகம் வலுத்திருக்கும். இந்தச் செய்தி உங்களிடம் எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும். விடுதியில் என் அறைக்கு எதிரே பொதுக் குளியலறை. அதில் ஒரு கண்ணாடி. கூட்டத்தில் பேச வேண்டியதை அந்தக் கண்ணாடியின் முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், இனிமேலும் என்னால இதை மறைச்சு வைக்க முடியாது. இத்தனை நாளா இருக்கு இருக்குன்னு நீங்க நம்பினீங்களே, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. எல்லாருக்கும் தெரியட்டும், எனக்குக் கவலையில்ல" என்று கொஞ்சம் உணர்ச்சியோடுதான் சொன்னேன். வெளியே வாளியோடு நின்றிருந்த வார்டன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, வாளியை அங்கேயே வைத்துவிட்டு, நேராக அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அம்மா அழுதுகொண்டே அக்காவிடம் சொல்ல, அக்கா அத்தையிடம் சொல்ல, அது உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் அந்த சாருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். மாமா, கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும் உண்மைதான். மற்றதெல்லாம் காற்றைப் பற்றியது. காற்று என்றால் நிஜமான காற்று. இன்னும் சரியாகச் சொன்னால், நிஜமில்லாத காற்று. ஆகவே லீவு போட்டுவிட்டு வியாழக்கிழமை நேரில் வந்து "அந்த சாரை ஒரு கை பார்க்கிறேன்" என்று சொன்னீர்களே, அது வேண்டாம். அந்த சாரை நானே பார்த்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறேன். எப்படி என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை என்னவென்று நம் வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அம்மா "கரண்ட் ஆபீஸ்" என்கிறாள். அத்தை ஒருமுறை, "ஏணி ஏறி பல்பு மாட்டுவியாடி?" என்று கேட்டார். ஏணி ஏறுவது உண்மை. அரசுக் கட்டிடங்களுக்கு வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கத் திட்டம் போடுவது என் வேலை. மொட்டை மாடியில் ஏறி நிற்பேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது, பக்கத்து மரம் எவ்வளவு வெயிலைத் தின்கிறது, தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பேன், இறங்கி வந்து எழுதுவேன். எனக்கு இது பிடித்த வேலை. மொட்டை மாடியில் பேச்சுக் கொடுக்க ஆள் இருக்க மாட்டார்கள். உடைந்த நாற்காலிகள்தான் இருக்கும். எந்த அரசுக் கட்டிடத்தின் மாடியிலும் அவை இருக்கும், கால் உடைந்தது, கை உடைந்தது, இரண்டும் உடைந்தது என்று. உங்கள் அலுவலக மாடியிலும்தான் மலை மாதிரிக் கிடக்கின்றன. கழித்துக்கட்ட மேலிடத்து அனுமதி வரவில்லை என்று நீங்கள் அவற்றைப் பெற்ற பிள்ளைகள் மாதிரிக் காத்து வருவது எனக்குத் தெரியாதா!

இனி அந்த சார். கெட்டவர் இல்லை. எங்கள் பிரிவின் தலைவர். எந்தக் கோப்பு வந்தாலும் முதல் பக்கத்தில் "உடனடி" என்று சிவப்பு மையால் எழுதுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு உடனடி சார் என்றே பெயர். இந்த வருடம் எங்கள் வளாகத்தில் ஒரே ஒரு வேலைக்குத்தான் அனுமதி. இரண்டு யோசனைகள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று என்னுடையது: வளாகத்தின் பின்னால், மதில் ஓரத்தில் இருக்கும் சுகாதார நிலையத்தின் மாடியில் சோலார் பேனல், கீழே ஒரு பேட்டரி. இன்னொன்று சாருடையது: எங்கள் அலுவலக வாசலில், சாலைக்கு நேராக, ஒரு காற்றாலை.

"சோலாரை மாடியில போட்டா எவன்மா பாக்கப் போறான்? காத்தாலை வாசல்ல சுத்தினா ரோட்டுல போறவன் வண்டியை நிறுத்திட்டுப் பாப்பான்" என்றார் சார். கணக்கர் மெல்ல, "நிறுத்தினா பின்னாடி வர்றவன் இடிப்பான் சார்" என்றார். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

மாமா, சுகாதார நிலையம் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்துகளை வைக்க ஒரு குளிர்பெட்டி இருக்கிறது. மின்சாரம் போனால் எங்கள் கட்டிடத்துக்கு ஜெனரேட்டர் உண்டு, லிஃப்ட் ஓடும், சாரின் ஏசி ஓடும். அந்த வயர் மதில்வரை போகாது. அங்கிருக்கும் நர்ஸக்கா மருந்துப் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டி எதிரே இருக்கிற ஜூஸ் கடைக்கு ஓடுவார். கடைக்காரர் ஐஸ் பெட்டியில் பாட்டில்களை ஒதுக்கி இடம் கொடுப்பார், பாவம். போன மாதம் ஒரு நாள் மின்சாரம் காலையில் போனது சாயங்காலம்தான் வந்தது. ஜூஸ் கடையும் அதே லைன்தான், அங்கே ஐஸும் உருகிவிட்டது. பெட்டி சூடாகிவிட்டது. அத்தனை மருந்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று நான் மாடியை அளப்பதற்காக அங்கே போயிருந்தேன். வரிசையில் நின்ற தாய்மார்களிடம் நர்ஸக்கா, "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரட்டைக் குழந்தைகளோடு வந்த ஒரு பெண், "ரெண்டு பஸ் மாறி வந்தேங்க்கா" என்றாள். ஒரு குழந்தையைத் தோளிலும் இன்னொன்றை இடுப்பிலும் போட்டுக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து மறுபடி அங்கே போனபோது, அவள் வந்தாளா என்று கேட்டேன். நர்ஸக்கா குளிர்பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க பாரு தங்கச்சி. எனக்குக் காத்தாடியும் வேணாம், அதை ரோட்டுல போறவன் பாக்கவும் வேணாம். இந்தப் பொட்டி அணையக் கூடாது. அவ்வளவுதான். நீ போய்ப் பேசறியா, இல்ல நான் வரட்டுமா?" என்றார்.

"நானே பேசறேன்க்கா."

"நீயா? நீ வாயைத் திறந்து நான் பாத்ததே மாடிப்படியில வழுக்கினப்பதான். நான் வந்தா உங்க சாருக்கு ஏசி இல்லாமலே குளிர்ஜுரம் வந்துடும், சொல்லிட்டேன்."

அன்றைக்கு நான் கொடுத்த வாக்குதான் மாமா, இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

சரி, காற்றுக்கு வருகிறேன். காற்றாலை வைப்பதற்கு முன்னால் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது சாருக்கும் தெரியும். அதற்கு ஒரு கருவி உண்டு. மூன்று சின்னக் கிண்ணங்கள் ஒரு தண்டில் சுற்றும். எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு காற்று. அலுவலகத்தில் எல்லோரும் அதைக் கிண்ணம் என்றே சொல்கிறார்கள். நான் வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருந்த சமயத்தில் கிண்ணம் வந்து இறங்கியது. இனி நடந்ததைக் கேளுங்கள். கிண்ணத்தை மாட்ட ஒரு கம்பம் வேண்டும், கம்பம் நட மாடியில் ஓட்டை போட வேண்டும். எங்கள் கட்டிடத்தில் மாடியில் ஓட்டை போடுவது என்பது சொந்தச் செலவில் வம்பை வாங்குவது. யார் ஓட்டை போடுகிறார்களோ, அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்தில் எந்த மூலையில் ஒழுகினாலும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கட்டிடப் பிரிவின் எழுதப்படாத சட்டம் அது. ஆகவே எங்கள் ஆட்கள் மாடி முழுக்கச் சுற்றி, ஏற்கெனவே யாரோ ஓட்டை போட்டு நிறுத்தியிருந்த ஓர் இரும்பு ஸ்டாண்டைக் கண்டுபிடித்து, அதில் கிண்ணத்தை முறுக்கிவிட்டு, சார் சொன்னபடி உடனடியாக வேலையை முடித்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அந்த ஸ்டாண்டில் இருப்பவை சார் அறையின் இரண்டு ஏசிகளுக்கான அவுட்டோர் யூனிட்டுகள். அவற்றின் விசிறிகள் வெப்பக் காற்றைப் பீய்ச்சி அடிக்கும் முகத்துக்கு நேர் எதிரே நம் கிண்ணம்.

பயிற்சியிலிருந்து வந்து, கிண்ணம் பதிவு செய்திருந்த காற்று வேகத்தின் வரைபடத்தைப் பார்த்தபோது முதலில் எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு காற்று! கடற்கரையில்கூட அவ்வளவு ஒழுங்காக அடிக்காது. பிறகுதான் கவனித்தேன், காற்று காலையில் அலுவலகம் திறந்ததும் எழும்புகிறது. மதியம் சார் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது அடங்குகிறது. சார் திரும்பியதும் அதுவும் திரும்புகிறது. சாயங்காலம் எல்லோரும் பையை எடுக்கும்போது நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. அரசு விடுமுறைகளில் இல்லை. சார் ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுத்திருக்கிறார், அன்று காற்றும் எடுத்திருக்கிறது. நம்பாமல் ஒரு விடுமுறை நாளில் மாடிக்குப் போய்க் கிண்ணத்தின் பக்கத்தில் நின்றேன். என் தலைமுடியில் ஓர் இழைகூட அசையவில்லை. மாமா, நம் மொழியில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். சார் அறையிலிருந்து வருவதற்குப் பெயர் வைக்க நம் முன்னோர்களுக்குத் தோன்றவில்லை.

என்னால் பேசத்தான் வராது, எழுத வரும். உடனே கோப்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். கோப்பு அன்றைக்கே திரும்பி வந்தது. மேலே "உடனடி". கீழே ஒரே சொல்: "பேசுக."

என்னைப் பார்த்து, மாமா! பேசுக!

இரண்டு நாள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். காற்றாலைக் கம்பெனிக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு சின்னக் காற்றாலைப் பொம்மை சாரின் மேசைமேல் நிற்கிறது. ஏசிக்கு நேர் கீழே. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. காத்து பிரமாதம் இல்ல?"

"சார், அந்த அளவு பத்தித்தான் சார்..."

போன் வந்தது. பேசினார். வைத்தார். "ம், சொல்லுங்க."

"மத்தியானம் மட்டும் காத்து விழுந்துடுது சார்."

"நானும் கவனிச்சேன். கடல்காத்து அப்படித்தான். ஓஞ்சு ஓஞ்சு அடிக்கும்."

"கடல் நமக்கு ரொம்ப தூரம் சார். ஞாயித்துக்கிழமை சுத்தமா இல்லையே..."

"இயற்கைக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமாம்மா?" என்று சிரித்தார். மறுபடியும் போன். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பொம்மைக் காற்றாலையைப் பார்த்தேன், பிறகு மேலே ஏசியைப் பார்த்தேன், பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பொம்மையை நோக்கி விரலை நீட்டினேன். இதைவிட யாரால் தெளிவாகச் சொல்ல முடியும்? சார் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பிடிச்சிருக்கா? கம்பெனிக்காரர்கிட்ட சொல்லி உங்களுக்கும் ஒண்ணு தரச் சொல்றேன்" என்றார். மறுநாள் என் மேசையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. என் மேசைக்கு ஏசி கிடையாது. அது சுற்றுவதில்லை.

அடுத்து, கிண்ணத்தை இடம் மாற்றிவிட்டால் உண்மை தானாக வெளியே வரும் என்று நினைத்துக் கட்டிடப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "தாராளமா மாத்துங்க. ஓட்டை போடுவீங்களா?" என்றார். போட வேண்டியிருக்கும் என்றேன். "போடுங்க. போட்டுட்டு, இனிமே இந்தக் கட்டிடத்துல எங்க ஒழுகினாலும் என் பொறுப்புன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. ரெண்டாவது மாடி பாத்ரூம் இப்பவே ஒழுகுது, அதையும் சேத்துக்கலாம்" என்றார். ஓட்டையே வேண்டாம் என்று நைலான் கயிறு வாங்கி வந்து நானே கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் கட்டினேன். காலையில் போய்ப் பார்த்தால் அது பழையபடி ஏசி ஸ்டாண்டில் இருக்கிறது. காவலாளி மிகுந்த பொறுப்போடு, "யாரோ திருடப் பாத்திருக்காங்கம்மா. நல்லவேளை, நான் பாத்து எடுத்து மாட்டிட்டேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். வேறு என்ன சொல்வது?

கடைசியில் கணக்கரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஓய்வு பெறும் வயதில் இருக்கிற மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இரும்மா, இரு. சார் ஏசி ஓடினா காத்து. காத்து அடிச்சா காத்தாலை சுத்தும். காத்தாலை சுத்தினா கரண்டு. அந்தக் கரண்டுல சார் ஏசி ஓடும். அப்படித்தான?" என்றார்.

"அப்படித்தான் சார். ஆனா ஓடாது."

"ஓடாதுதான். ஆனா ஒத்துமையா இருக்கு பாரு, நல்ல குடும்பம் மாதிரி" என்று சிரித்தவர், பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "எனக்கென்னம்மா, எழுதிக் குடுத்தா கணக்குல போட்டுட்டுப் போறேன். ஆனா அந்த நர்ஸம்மா பொட்டியைத் தூக்கிட்டு ரோட்டுல ஓடறதை நானும்தான் ஜன்னல்ல இருந்து பாக்கறேன்" என்றார்.

இன்று கூட்டத்தில் சார் எழுந்து, "இந்தக் கட்டிடத்துக்குக் கிடைச்சிருக்கிற காத்து, ஆண்டவனே குடுத்த காத்து" என்றார். கம்பெனிக்காரர் கைதட்டினார். அப்போதுதான் எனக்கு அந்த விக்கல் வந்தது. வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து செயலாளர் அம்மா வருகிறார். அவர் முன்னால் கிண்ணம் அளக்கும் காற்று வேகத்தைத் திரையில் ஓடவிட்டுக் காட்டப் போகிறார்கள். அவர் தலையசைத்தால் காற்றாலை வாசலுக்கு வந்துவிடும், குளிர்பெட்டி பழையபடி ஜூஸ் கடைக்குப் போகும்.

மாமா, நான் வேலையில் சேர்ந்த அன்று நீங்கள் சொன்னீர்கள்: "ஆபீஸ்ல காதை மட்டும் திறந்து வை பாப்பா. வாயைப் பூட்டி வை. என்னைப் பாரு." உங்களைப் பார்த்தேன். நீங்கள் அப்படியே இருந்து கண்காணிப்பாளர் ஆகிவிட்டீர்கள், உங்கள் அறைக்கு ஏசியும் வந்துவிட்டது. எனக்கு அது சுலபமான அறிவுரை. நான் பிறவியிலேயே பூட்டிய வாய். படிக்கிற புத்தகங்களில் எவ்வளவோ பேர் சபை நடுவே எழுந்து நின்று பேசுகிறார்கள். நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மூடிவிட்டு, 'இவர்களுக்கெல்லாம் தொண்டை வறளாதா?' என்றுதான் யோசிப்பேன். ஆனால் இந்த முறை என் வாய் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக இது இல்லை. நான் பேசாமல் இருந்தால் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இன்னொரு முறை திரும்பிப் போவார்கள்.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். வியாழக்கிழமை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். எட்டுப் பக்கத்தில் உரை தயார். வரைபடங்கள் தயார். கேட்கவில்லையென்றால் கொடுப்பதற்கு ராஜினாமாக் கடிதமும் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சமாதானம் சொல்லிப் பார்க்காதீர்கள், அம்மாவை விட்டு அழ வைக்காதீர்கள், இது கல் மாதிரி உறுதி. வேலையை விட்டுவிட்டு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். மாடி அறையில் அத்தை போட்டு வைத்திருக்கும் தையல் மிஷினையும் பழைய மெத்தைகளையும் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள். என் புத்தகங்களுக்கு ஒரு சுவர் முழுக்க வேண்டும். மாடியில் வெயில் நன்றாக விழும் என்பது எனக்குத் தெரியும், ஏற்கெனவே அளந்திருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கத்தையும், நான் யாரையும் காதலிக்கவில்லை என்ற செய்தியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆசிகளை வேண்டுகிறேன். இந்த முறை ஆசி மட்டும் போதும், அறிவுரை வேண்டாம்.

என்றும் உங்கள் பிரியமுள்ள,
பாப்பா

பின்குறிப்பு: மாடி அறையை ஒதுக்க வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேனே தவிரத் தபால் பெட்டியில் போடவில்லை. அதற்குள் வியாழக்கிழமை வந்து போய்விட்டது. உறையைக் கிழித்து, ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் சும்மாதானே இருக்கிறது. உங்களுக்கு லீவு கிடைக்காதது நல்லதாகப் போயிற்று.

கூட்டம் சார் அறையில். செயலாளர் அம்மா ஒல்லியான மனுஷி. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். திரையில் கிண்ணத்தின் அளவு பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த நிமிஷம்கூடப் பாருங்க மேடம், என்ன காத்து!" என்றார் சார். நான் எட்டுப் பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரி மறந்துவிட்டது. இரண்டாவது வரியும். கணக்கர் குனிந்துகொண்டே, "விக்கலா?" என்றார். அந்தக் கோபத்தில் வாய் திறந்துவிட்டது.

"மேடம், உங்களுக்குக் குளிருது. ஏசியை நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தும்மா. நீ நல்லா இருப்ப."

மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து இரண்டு ஏசிகளையும் நிறுத்தினேன். உரையைப் படிக்கவில்லை. சும்மா நின்றேன். முதலில் மேசைமேலிருந்த பொம்மைக் காற்றாலை மெதுவாகி நின்றது. பிறகு திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. இறங்கி, இறங்கி, பூஜ்யத்தில் உட்கார்ந்தது. கம்பெனிக்காரர் எழுந்து போய்த் திரையைத் தட்டிப் பார்த்தார். "காத்து கொஞ்சம் மூச்சு வாங்குது போல" என்றார் சார். செயலாளர் அம்மா பொம்மையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"போடும்மா" என்றார். போட்டேன். எண் ஏறியது.

"நிறுத்து." நிறுத்தினேன். இறங்கியது.

"இன்னொரு தடவை" என்றார் கணக்கர். அவரை யாரும் கேட்கவில்லை.

சாரின் முகம் வாடிவிட்டது, மாமா. எனக்குக் கஷ்டமாகவே இருந்தது. மெல்ல, "ஏம்மா, இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"'பேசுக'ன்னு எழுதியிருந்தீங்க சார். வந்தேன். போன்ல இருந்தீங்க."

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் போனை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். "சரி. இப்பப் பேசுங்க" என்றார். பேசினேன். எட்டுப் பக்கம் எல்லாம் இல்லை. சுகாதார நிலையத்தின் மாடியில் நாள் முழுக்க வெயில் விழுகிறது, யாரும் ஏசியைப் போட வேண்டியதில்லை, ஒரு பேட்டரி இருந்தால் மருந்துப் பெட்டி அணையாது, போன மாதம் இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் திரும்பிப் போனாள், அவ்வளவுதான் சொன்னேன். செயலாளர் அம்மா கையெழுத்துப் போட்டார். சார் கோப்பை வாங்கி, சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, மேலே "உடனடி" என்று எழுதினார். முதல் முறையாக அந்தச் சொல் எனக்கு அழகாகத் தெரிந்தது.

இன்னொரு பின்குறிப்பு: கடிதம் இன்னும் கைப்பையிலேயே இருக்கிறது. போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம், "எழுதியாச்சு மாமா, வந்துடும்" என்று சொன்னது பாதி உண்மை. இன்று கட்டாயம் போட்டுவிடுவேன், ஏனென்றால் அவசரம். அடுத்த கட்டிடத்தின் பெயர் வந்துவிட்டது. உங்களுடையதுதான். அளக்க நானே வருகிறேன், சார் என்னைத்தான் அனுப்புகிறார். வருவதற்குள் அந்த நாற்காலிகளை மாடியிலிருந்து இறக்கி வையுங்கள். அனுமதி வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கேயும் வாயைத் திறந்துவிடுவேன்.

சுகாதார நிலையத்தில் பேனல்கள் போட்டாயிற்று. மாடியில் ஓட்டைகள் போட்டோம், கையெழுத்தை நானே போட்டேன். நேற்று மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. சாரின் மேசையில் காற்றாலை நின்றது. குளிர்பெட்டி நிற்கவில்லை.